எது கடித்தது என்று சொல்லிவிடுங்கள்: கீரி முதல் ஹாம்ஸ்டர் வரை, வீட்டுப் பிராணிக் கடிக்கு முதலுதவி

நாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சின்னசேலம் கடைவீதியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். கீரிப்பிள்ளை கடித்தால்? தென்னையிலிருந்து குஞ்சாக விழுந்து, இங்க் ஃபில்லரில் பால் குடித்து வளர்ந்த அணில் கடித்தால்? சேலத்தில் வாங்கி வந்த ஹாம்ஸ்டர் பிள்ளையின் விரலைக் கவ்விக்கொண்டு விடவில்லையென்றால்? அப்போதுதான் ஆளுக்கொரு வைத்தியம் கிளம்புகிறது.

நாய், பூனை தவிர வீட்டில் வளரும் மற்றப் பாலூட்டிகளின் கடியைப் பற்றியது இந்த அத்தியாயம். கடையில் வாங்கும் ஹாம்ஸ்டர், கினிப்பன்றி, முயல், வெள்ளெலி, சுகர் கிளைடர் ஒரு பக்கம். கல்வராயன் மலையிலிருந்தோ கரும்புக் காட்டிலிருந்தோ குட்டியாக எடுத்து வந்து வளர்க்கும் குரங்கு, கீரி, மரநாய் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வகையில்தான் உயிருக்கு ஆபத்து அதிகம். இவற்றை வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், கடிபட்டவர்கள் மருத்துவமனையில் பொய் சொல்லும் வகையும் இதுதான். ‘கம்பி கிழித்துவிட்டது’ என்பார்கள். கம்பிக்கு டிடி ஊசி ஒன்று போட்டு அனுப்பிவிடுவார்கள். கீரிக்கு அது போதாது.

முதல் 15 நிமிடம்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். பிராணி எதுவானாலும் வரிசை இதுதான்.

1. பிடியை விடுவியுங்கள். கையை உதறாதீர்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள். உதறினால் பல் சதையைக் கிழித்துக்கொண்டு வரும். எலி வகைப் பிராணி கவ்விக்கொண்டிருந்தால் கையை மேசை மீதோ தரையிலோ இறக்கி வையுங்கள். காலுக்குத் தரை கிடைத்ததும் பெரும்பாலும் தானே விட்டுவிடும். அப்படியும் விடாவிட்டால் குழாய்த் தண்ணீருக்கு அடியில் காட்டுங்கள்.

2. பிராணியைக் கூண்டிலோ அறையிலோ அடையுங்கள். அடிக்காதீர்கள், துரத்தாதீர்கள். துரத்தப் போய் இரண்டாவது ஆள் கடிபடுவது வழக்கமாக நடப்பது.

3. ரத்தம் பீய்ச்சி அடித்தால் மட்டும் முதலில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். கசிகிற அளவுதான் என்றால் நேரே குழாய்க்குப் போங்கள்.

4. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் இல்லாமல் கழுவுகிறவர்கள் ஓரிரு நிமிடத்தில் ‘போதும்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். குளிக்கிற சோப்பு, துணி சோப்பு எதுவானாலும் சரி. ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். குழாயில் தண்ணீர் வராத நாளில் ஒருவர் குடத்திலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றட்டும். வாளிக்குள் கையை முக்கி வைத்திருப்பது கழுவுவதாகாது.

5. கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டிருந்தால் சோப்பு வேண்டாம். வெறும் தண்ணீரால் அதே 15 நிமிடம் கழுவுங்கள்.

6. கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் கரைசல் தடவுங்கள். ‘பெட்டாடின்’ என்று கேட்டால் எந்த மெடிக்கலிலும் கொடுப்பார்கள்.

7. மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள். கை வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

8. சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முகம், கழுத்து, கண் பக்கம் கடிபட்டாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ 108.

செய்யவே கூடாதவை

மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மண்ணெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் காயத்தில் வைக்காதீர்கள். எரிச்சல் கிருமியைக் கொல்வதாக நினைக்கிறோம். அது சதையைப் புண்ணாக்கிக் கிருமியை உள்ளே தள்ளுகிறது. மருத்துவரும் முதலில் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் காயத்தைப் பார்க்க முடியும். மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்வதில் எனக்குச் சண்டை இல்லை, ஊசி போட்டுவிட்டு வந்து கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டும் கட்டு கூடாது. அது பாம்புக்கடிக்கே இப்போது வேண்டாம் என்கிறார்கள்.

கடித்த இடத்தை வாயால் உறிஞ்சாதீர்கள், சூடு வைக்காதீர்கள். வழியில் ஒரு கிளினிக்கில் நிறுத்தித் தையல் போட்டுக்கொள்ளாதீர்கள். கடிகாயத்தைக் கூடுமானவரை தைக்காமல் விடுவதே முறை. தைத்தே ஆக வேண்டிய பெரிய காயமானால், முதலில் ரேபிஸ் கிருமியைக் காயத்திலேயே தடுத்து நிறுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்துக்குள் செலுத்திவிட்டுப் பிறகு தளர்வாகத் தைப்பார்கள்.

எல்லாவற்றையும்விடச் சாதாரணமாக நடக்கும் தவறு: ‘டிடி ஊசி போட்டாச்சு’ என்று நிம்மதியாக இருந்துவிடுவது. டிடி, வில்வாத ஜன்னி எனப்படும் டெட்டனஸுக்கான ஊசி. ரேபிஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கடித்தது எது?

*குரங்கு.* இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கோமுகி அணைப் பக்கமும் மலைப்பாதையிலும் நாம் காணும் நாட்டுக்குரங்கு மக்காக் இனத்தைச் சேர்ந்தது. அதன் கடியில் மூன்று ஆபத்துகள் சேர்ந்து வருகின்றன.

முதலாவது ரேபிஸ். நாய்க்குச் சொல்கிற ‘பத்து நாள் கட்டிப் போட்டுப் பாருங்கள்’ என்கிற விதி நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். குரங்குக்கோ கீரிக்கோ அது செல்லாது. வளர்ப்புக் குரங்கு பத்து நாள் கழித்தும் துள்ளிக் குதிக்கிறது என்பது எதற்கும் சாட்சியில்லை. இந்திய அரசின் சிகிச்சை வழிமுறை, காட்டுவிலங்குக் கடி எல்லாவற்றையும் மூன்றாம் வகையாக, அதாவது மிகத் தீவிரமான வகையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. வீட்டில் வளர்ந்தாலும் குரங்கு காட்டுவிலங்குதான்.

இரண்டாவது சீழ். குரங்கின் கோரைப்பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும். வெளியே சிறு துளைதான் தெரியும், உள்ளே தசைநார் வரை கிருமி போயிருக்கும். 1920 அக்டோபர் 2ஆம் தேதி கிரேக்க மன்னர் அலெக்சாந்தர், தன் நாய்க்கும் ஒரு வளர்ப்புக் குரங்குக்கும் நடந்த சண்டையை விலக்கப் போனபோது இன்னொரு குரங்கு அவரைக் கடித்துவிட்டது. 25ஆம் தேதி இறந்துபோனார். கொன்றது ரேபிஸ் அல்ல, காயத்தில் பிடித்த சீழ் ரத்தத்தில் கலந்ததுதான். அன்றைக்கு ஆன்டிபயாடிக் கிடையாது, இன்று இருக்கிறது. ஆனால் அதைத் தேடிக் காயத்தோடு நாம்தான் போக வேண்டும். இரண்டு பிராணிகளின் சண்டைக்கு நடுவே கையை விடக்கூடாது என்பதற்கும் இதைவிடப் பெரிய இடத்து உதாரணம் கிடைக்காது.

மூன்றாவது, பி வைரஸ். மக்காக் குரங்குகளின் எச்சிலில் இருக்கக்கூடிய ஹெர்பிஸ் குடும்பக் கிருமி இது. குரங்குக்கு வாய்ப்புண் அளவுக்குத்தான் தொல்லை; மனிதருக்கு மூளைக் காய்ச்சல் வரை போகும். 1932இல் ஆய்வகக் குரங்கு கடித்து இறந்த பிரெப்னர் என்ற மருத்துவரின் பெயர் எழுத்தைத்தான் இந்த வைரஸ் சுமந்துகொண்டிருக்கிறது. உலகம் முழுக்கவே மிகச் சிலருக்குத்தான் வந்திருக்கிறது, அதனால் பயந்து தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ‘கடித்தது குரங்கு’ என்ற இரண்டு சொல் தகவலை மருத்துவரிடம் சொன்னால் போதும். தேவையென்று பட்டால் வைரஸுக்கு எதிரான மாத்திரையை அவரே தொடங்குவார்.

*கீரி, மரநாய்.* பாம்பு அண்டாது என்று தோட்டத்து வீடுகளில் கீரி வளர்க்கிறார்கள். கீரி ரேபிஸைச் சுமக்கும் விலங்கு. கரீபியன் தீவுகள் சிலவற்றில் அந்த நோயின் முக்கிய இருப்பிடமே கீரிதான். எனவே தோல் கிழிந்த கடி எதுவானாலும் குரங்குக்குச் சொன்ன ரேபிஸ் விதியே இதற்கும். மரநாய்க்கும் அப்படியே. சாதுவாக இருந்த கீரி திடீரென்று காரணமில்லாமல் கடித்தால் இன்னும் வேகமாகக் கிளம்புங்கள்.

*ஹாம்ஸ்டர், கினிப்பன்றி, வெள்ளெலி, முயல்.* கூண்டுக்குள்ளேயே வளர்ந்த இவற்றின் கடிக்கு ரேபிஸ் ஊசி பொதுவாகத் தேவைப்படுவதில்லை. ஒரு விதிவிலக்கு: கடந்த சில வாரங்களில் உங்கள் முயலையோ ஹாம்ஸ்டரையோ தெருநாய், பூனை, கீரி கடித்துக் குதறியிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இவற்றில் முக்கியக் கவலை சீழும், எலி வகைகளிடமிருந்து தொற்றும் எலிக்கடிக் காய்ச்சலும். மழைத் தண்ணீரில் நடந்து வருகிற எலிக்காய்ச்சல் வேறு. இது கடியிலிருந்து நேரே வருவது; பென்சிலின் வகை மருந்தில் குணமாகும், கண்டுகொள்ளாமல் விட்டால் இதயம் வரை போகும். கர்ப்பிணிகள் ஹாம்ஸ்டர் கூண்டைச் சுத்தம் செய்வதை விட்டுவிடுவது நல்லது. ஹாம்ஸ்டர், எலிகளின் மூத்திரத்திலிருந்து பரவும் ஒரு வைரஸ் கருவில் உள்ள பிள்ளையைப் பாதிக்கக்கூடும்.

*அணில்.* கூண்டுப் பிராணிக்குச் சொன்னதுதான். ஆனால் மரத்துக்கும் வீட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கும் அணில் என்றால் அதையும் சொல்லுங்கள், முடிவை மருத்துவர் எடுக்கட்டும்.

*சுகர் கிளைடர், மார்மோசெட் போன்ற வெளிநாட்டுப் பிராணிகள்.* இவை எந்தக் காட்டில் பிறந்தன, எந்தப் பெட்டியில் எவற்றோடு அடைபட்டு வந்தன என்பது வாங்கியவருக்கே தெரியாது. 2022 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் ஆப்பிரிக்காவின் டி பிராசா குரங்கு ஒன்று, பாம்புகளோடும் ஆமைகளோடும் சேர்த்துப் பிடிபட்டது. இப்படிப்பட்ட வழியில் வந்த பிராணிக்குத் தடுப்பூசிச் சீட்டு இருந்தாலும் நான் நம்பமாட்டேன். குரங்கினம் எதுவானாலும் குரங்குக்கான விதிதான்.

எங்கே போவது?

சின்னசேலத்தில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். ஆழமான கடி, குரங்கு அல்லது கீரிக் கடி, குழந்தை என்றால் சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே போய்விடலாம். காரணம் இம்யூனோகுளோபுலின். தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கும். இந்த மருந்து பெரிய மருத்துவமனைகளில்தான் நம்பிக்கையாகக் கிடைக்கும். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் இருப்பவர்கள் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் காயத்தைக் கழுவி முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு பிறகு மலையிறங்குங்கள். இரவாகிவிட்டது, காலையில் பார்க்கலாம் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 104க்கு அழைத்துக் கேளுங்கள்.

போகும் வழியில் ஒரு சீட்டில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் பாதி மறந்துபோகும்.

1. கடித்தது என்ன பிராணி, எங்கிருந்து வந்தது, எத்தனை நாளாக வளர்க்கிறீர்கள்.
2. எப்போது கடித்தது. சீண்டியதால் கடித்ததா, தானாகவா.
3. பிராணி இப்போது எப்படி இருக்கிறது: சாப்பிடுகிறதா, எச்சில் வடிகிறதா, நடை தள்ளாடுகிறதா.
4. கடைசியாக டிடி போட்டது எப்போது. ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் ஒன்று போடுவார்கள்.
5. முன்பு ரேபிஸ் ஊசி முழுத் தவணையும் போட்டிருக்கிறீர்களா. போட்டிருந்தால் இப்போது இரண்டே ஊசிதான், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை.
6. சர்க்கரை நோய், கர்ப்பம், மண்ணீரல் எடுத்தது, ஸ்டீராய்டு மாத்திரை, மருந்து ஒவ்வாமை.

முதல் வரியில் உண்மையை எழுதுங்கள். வனச்சட்டத்தைப் பற்றி மருத்துவர் கவலைப்பட மாட்டார். எந்தக் கிருமி என்பதுதான் அவர் கவலை. சட்டத்துக்கு என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

ஊசிக் கணக்கு

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004இலேயே நிறுத்திவிட்டது. இப்போது தோலுக்குள் போடும் முறையில் இரண்டு மேற்கைகளிலும் 0.1 மில்லி வீதம், நான்கே நாட்கள்: 0, 3, 7, 28. தசையில் போடும் முறையானால் ஐந்து நாட்கள்: 0, 3, 7, 14, 28. பெரியவர்களுக்கு மேற்கையில், சின்னக் குழந்தைகளுக்குத் தொடையில். புட்டத்தில் போடக்கூடாது. யாராவது அங்கே போட வந்தால் தயங்காமல் கேளுங்கள்.

கவனிக்க: 0 என்பது கடித்த நாள் அல்ல, முதல் ஊசி போட்ட நாள். ஞாயிறு கடித்து, திங்கள் முதல் ஊசி போட்டால் அடுத்தவை வியாழன், அதற்கடுத்த திங்கள், பிறகு நான்காவது வாரம் முடிகிற திங்கள். வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். 28ஆம் நாள் ஊசியைத்தான் எல்லோரும் விடுகிறார்கள், அதற்குள் காயம் ஆறிவிடுவதால். ஒரு தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இடையில் ஊர் மாறினால் ஊசிச் சீட்டைக் கொண்டுபோய் அங்கே போட்டுக்கொள்ளலாம்.

இம்யூனோகுளோபுலின் தனி மருந்து. உடம்பு தானாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்திலேயே கிருமியைப் பிடித்து நிறுத்துவது இது. காயத்துக்குள்ளும் சுற்றிலும் போடுவார்கள். வலிக்கும், விரல் நுனியென்றால் நன்றாகவே வலிக்கும். அதற்காக ‘வேண்டாம் டாக்டர், ஊசி மட்டும் போதும்’ என்று சொல்லிவிடாதீர்கள். முதல் நாள் கிடைக்கவில்லையென்றால் முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம்.

பத்தியம் எதுவும் கிடையாது, கறி மீன் சாப்பிடலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். கடித்து ஒரு மாதம் ஆகிவிட்டதே, இனி என்ன என்று விட்டுவிடவும் வேண்டாம். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்தில்லை; அறிகுறி வராத வரைக்கும் ஊசிக்கு நேரம் இருக்கிறது.

அடுத்த ஒரு மாதம் எதைக் கவனிப்பது

முதல் இரண்டு நாள்: காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா, சூடாக இருக்கிறதா, சீழ் வருகிறதா, கை வழியாகச் சிவப்புக் கோடு மேலேறுகிறதா. விரலில் கடி என்றால் ஒரு சோதனை: விரல் முழுவதும் வீங்கி, மடங்கியபடியே நின்று, இன்னொருவர் நீட்டிவிட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தால் தசைநார் உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது. அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் விரல் பிறகு மடங்காமலே போய்விடலாம்.

மூன்றாம் நாளிலிருந்து மூன்று வாரம் வரை, எலி வகை கடித்திருந்தால்: காய்ச்சல், மூட்டுவலி, உள்ளங்கை உள்ளங்காலில் தடிப்பு. காயம் ஆறிப்போய் எல்லோரும் மறந்த பிறகு இது வரும். காய்ச்சலுக்குப் போகும்போது ‘முந்தின வாரம் வெள்ளெலி கடித்தது’ என்று நீங்களாகச் சொன்னால்தான் மருத்துவருக்குப் பொறி தட்டும்.

ஒரு மாதம் வரை, குரங்கு கடித்திருந்தால்: காயத்துக்கு அருகே நீர்க்கொப்புளம், மரத்துப்போதல், அரிப்பு, காய்ச்சல், கடும் தலைவலி. இதில் எது வந்தாலும் அன்றே போங்கள்.

கடித்த பிராணியை என்ன செய்வது

கொல்ல வேண்டாம். அதைவிடப் பெரிய தவறு, இரவோடு இரவாகக் கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் விட்டுவிட்டு வருவது. மனிதரிடம் வளர்ந்த குரங்கு அடுத்த ஊருக்குள் போய் அடுத்த பிள்ளையைக் கடிக்கும். வெளிநாட்டுப் பிராணியோ பட்டினியில் சாகும், அல்லது நோயைக் காட்டில் விட்டுச் சாகும்.

1. கடித்த பிராணியை மற்றவற்றிடமிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் வையுங்கள். ஒரே ஆள் மட்டும், தடித்த கையுறையோடு தீனி வைக்கட்டும்.

2. சின்னசேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. தலைவாசல் கூட்டுரோட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பக்கம்தான். முயல், ஹாம்ஸ்டர் போன்றவற்றை அங்கே காட்டலாம். பல் மிகையாக வளர்ந்து வாய் வலிப்பதாலும் இவை கடிக்கும்; அதற்கு வைத்தியம் உண்டு.

3. பிராணி செத்துப்போனால் வெறுங்கையால் தொடாதீர்கள், உடனே புதைத்தும் விடாதீர்கள். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ரேபிஸ் சோதனைக்கு மூளை தேவை, தலையை அடித்துச் சிதைத்துவிட்டால் சோதனை செய்ய முடியாது. நீங்கள் போட்டுக்கொண்டிருக்கும் ஊசியை முடிவு வரும்வரை நிறுத்தக்கூடாது.

4. குரங்கு, கீரி, மரநாய், தேவாங்கு என்றால் கள்ளக்குறிச்சி வனக்கோட்ட அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள். தயக்கமாக இருந்தால் ஊராட்சித் தலைவரையோ வழக்கறிஞரையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஒப்படைக்கும்போது, இன்ன தேதியில் இன்னாரைக் கடித்தது என்பதையும் எழுத்தில் கொடுங்கள். அடுத்து அதைக் கையாளப் போகும் வனக்காவலருக்கு அந்தத் தகவல் வேண்டும்.

5. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணியானால், 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு விதிப்படி அதைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சீட்டின் நகலைக் கூண்டிலேயே ஒட்டி வையுங்கள். பிராணியின் சரியான இனப்பெயர் அதில் இருக்கும், மருத்துவருக்கும் அது உதவும்.